கப்பல் ஏறாத தாத்தாமார்: திருவனந்தபுரத் தமிழ் எழுத்தில் குடிபெயர்ந்த கதை

முன்னுரை

அமெரிக்காவில் படிக்கும் என் பேத்தி ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். ‘உங்கள் குடும்பம் எப்படி இந்த நாட்டுக்கு வந்தது?’ என்று வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். பக்கத்தில் உட்காரும் பெண் ஒரு யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய எள்ளுத் தாத்தா 1907இல் நியூயார்க்கில் வந்து இறங்கிய கப்பலின் பயணிகள் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டினாளாம். பெயர், வயசு, தையல் தொழில், கையில் இருந்த காசு, யார் வீட்டுக்குப் போகிறார் என்பது வரை எல்லாம் அதில் இருந்ததாம். கடைசியில் என் பேத்தி கேட்டாள்: “தாத்தா, எங்க அப்பா இங்க வந்த கதை தெரியும். நம்ம ஆளுங்க திருவனந்தபுரத்துக்கு எந்தக் கப்பல்ல வந்தாங்க?”

சிரித்துவிட்டேன். “கப்பலாவது ஒண்ணாவது, மலைக்கு அந்தப் பக்கத்திலேருந்து இந்தப் பக்கம் வந்தோம், அவ்வளவுதான்” என்று சொல்லி வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த ஊரில் தமிழ் எழுத்துக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வந்து குடியேறியவர்களின் வாரிசுகள். அப்படியிருந்தும், ‘வந்த கதை’யைச் சொல்லும் நூல் எது என்று கேட்டால் சட்டென்று ஒரு பெயர் வாயில் வரவில்லையே, ஏன்? உண்மையிலேயே அது எழுதப்படவில்லையா, அல்லது வேறு வேஷத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறதா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூதர்களின் கப்பல்

முதலில் அந்தப் பெண் காட்டிய பட்டியலைப் பார்ப்போம். 1881இல் ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்ட பிறகு, அந்நாட்டு யூதர்கள் மீது கலவரங்கள் மூண்டன. அப்போது தொடங்கி, 1924இல் அமெரிக்கா கதவை ஏறக்குறைய மூடும் வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கால்வைத்த இடம் நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவு. 1892 முதல் 1954 வரை, பல இனத்தவருமாக ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அந்தத் தீவைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியுமா, பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தது யார், சிறையில் இருந்ததுண்டா என்றெல்லாம் கேட்டுக் குறித்துவைத்தார்கள்.

இப்படி ஒரு வாசல் இருந்ததால், அவர்களுடைய இலக்கியத்துக்கும் ஒரு தொடக்கம் கிடைத்தது. மேரி ஆன்டின் 1912இல் எழுதிய தன்வரலாறு, கடல் தாண்டியதை மறுபிறவியாகவே கொண்டாடுகிறது. ஆபிரகாம் காஹன் 1917இல் எழுதிய நாவலின் நாயகன் டேவிட் லெவின்ஸ்கி, சில காசுகளோடு வந்து இறங்கிப் பெரும் பணக்காரனாகிறான். ஆனால் உள்ளே வெறுமை. ஹென்றி ராத் 1934இல் வெளியிட்ட ‘கால் இட் ஸ்லீப்’ நாவலின் முகப்புக் காட்சியோ மறக்க முடியாதது. முன்னாலேயே வந்துவிட்ட தகப்பன், மனைவியையும் சிறு பையனையும் அழைத்துப் போகத் துறைமுகத்துக்கு வருகிறான். அன்பாக நாலு வார்த்தை இல்லை. பையன் தலையில் இருந்த தொப்பி ஊர்க்காட்டானைக் காட்டிக் கொடுக்கிறது என்று அதைப் பிடுங்கித் தண்ணீரில் எறிகிறான். குடிபெயர்வின் பெருமை, பயம், அவமானம் மூன்றும் அந்தத் தொப்பியில் இருக்கின்றன. அந்த நாவலும் முப்பது வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1964இல்தான் பெரிய வாசகர் கூட்டத்தைப் பெற்றது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘எல்லிஸ் தீவு அதிகாரி எங்க தாத்தா பெயரை மாற்றிவிட்டான்’ என்று பல குடும்பங்களில் ஒரு கதை உண்டு. சரித்திர ஆசிரியர்கள் இதை மறுக்கிறார்கள். அதிகாரிகள் கையில் இருந்தது கப்பல்காரர் கொடுத்த பட்டியல். பெயரைப் பெரும்பாலும் வந்தவர்களே பிற்பாடு மாற்றிக்கொண்டார்கள் என்கிறார்கள். ஆக, பதிவேடு இருக்கிற இடத்திலும் குடும்பங்கள் தங்களுக்கு வேண்டிய கதையைத்தான் சொல்லிக்கொள்கின்றன. நம்ம கதை மட்டும் என்ன?

எல்லையே இல்லாத பயணம்

நம் தாத்தாமாருக்கு அப்படி ஒரு வாசல் இருக்கவில்லை. 1795இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கம்போளத்தை உருவாக்கினார். கடை வைக்கவும், கணக்கு எழுதவும், பள்ளியில் கற்பிக்கவும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை எல்லாம் அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குள்ளேயே கிடந்தன. அங்கிருந்து வந்தவர் ஒரே ராஜ்யத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வந்தார், அவ்வளவே. திருநெல்வேலி, மதுரையிலிருந்து வந்தவர்கள் ஆரல்வாய்மொழியைத் தாண்டினார்கள். அங்கே சாவடி உண்டு. ஆனால் சுங்கம் சரக்குக்குத்தான், ஆளுக்கு இல்லை. புகையிலைப் பொதிக்குக் கணக்கு இருந்தது. தலையில் பொதி சுமந்து வந்தவனுக்கு இல்லை.

பிறகு 1956 நவம்பர் 1 வந்தது. தெற்கே நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி, செங்கோட்டையோடு சேர்ந்து சென்னை ராஜ்யத்துக்குப் போயின. தாத்தா எல்லையைத் தாண்டவில்லை. எல்லைதான் தாத்தாவைத் தாண்டிப் போனது. ராத்திரி படுத்து எழுந்தபோது சொந்த ஊர் வெளிமாநிலம். நாம் ‘வெளிமாநிலத் தமிழர்’ ஆனது இப்படித்தான். நகராமலே குடிபெயர்ந்தவர்களின் கதையை எங்கே தொடங்குவது? நம் எழுத்தாளர்களுக்கு இருந்த முதல் சிக்கல் இதுவே எனலாம்.

மனோன்மணீயத்தின் வழித்தடம்

இந்த ஊர்த் தமிழ் எழுத்தைப் பற்றிப் பேசினால் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் பிறந்தது 1855இல் ஆலப்புழையில். முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து திருவிதாங்கூருக்கு வந்தவர்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தபோது, 1891இல் ‘மனோன்மணீயம்’ வெளிவந்தது. அதன் பாயிரத்தில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் பகுதியைத்தான் 1970இல் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாடே எழுந்து நின்று பாடுகிற பாட்டை எழுதியவர், தமிழ்நாட்டை விட்டு வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை. நாம் இதை மேடையில் பெருமையாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறோம். நாடகத்துக்குள்ளே போய்ப் பார்ப்பதில்லை.

கதைக்கு மூலம் லிட்டன் பிரபுவின் ஓர் ஆங்கிலக் கவிதை என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் சுந்தரம் பிள்ளை அதைக் கொண்டுவந்து நட்ட நிலத்தைக் கவனியுங்கள். பாண்டியன் ஜீவகன் மதுரையை விட்டு நெல்லைக்கு வந்து கோட்டை கட்டுகிறான். திருவனந்தையில் இருக்கும் சேரன் புருடோத்தமனுக்கு மகளைக் கொடுக்கலாம் என்று தூது போகிறது. சூழ்ச்சியால் அது நாஞ்சில் நாட்டைப் பற்றிய சண்டையாக மாறுகிறது. முடிவில் மணம் நடக்கிறது. மதுரை, நெல்லை, நாஞ்சில் நாடு, திருவனந்தபுரம் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நம் முன்னோர் நடந்து வந்த தடமல்லவா இது!

ஆசிரியர் இப்படி எண்ணித்தான் எழுதினார் என்று நான் வாதிட வரவில்லை. எனினும், இரண்டு நாடுகளுக்கு நடுவில் நிற்கும் ஒரு குடும்பத்தின் மனசு, மதுரைப் பெண்ணைத் திருவனந்தபுரத்து ராஜாவுக்குக் கட்டிவைத்துத்தான் அமைதி அடைந்தது என்று வாசிக்க இடமிருக்கிறது. குறை என்னவென்றால், குடிபெயர்வு இங்கே ராஜகுடும்பத்துச் சம்பந்தமாக உயர்ந்துவிட்டது. பொதி சுமந்து வந்தவனுக்கு அந்த அரங்கில் இடமில்லை.

ஆச்சி சொன்ன பூர்வ கதை

அவனுக்கு இடம் கிடைக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. நீல பத்மநாபன் 1938இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். மின்வாரியத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். ஆனால் 1968இல் வெளிவந்த ‘தலைமுறைகள்’ நாவலில் அவர் எழுதியது தான் வாழ்ந்த நகரத்தை அல்ல, பூர்வீகமான இரணியலை. அங்கே உண்ணாமலை ஆச்சி பேரன் திரவிக்குக் குலத்தின் பழங்கதை சொல்கிறாள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வந்த செட்டிமார் கதை அது. தமிழும் மலையாளமும் கலந்த அந்த வட்டாரப் பேச்சு அச்சில் ஏறியபோது பலர் புருவத்தை உயர்த்தினார்கள். நம்ம வீட்டு அடுக்களைப் பேச்சுக்கு இலக்கியத்தில் இடமுண்டு என்று காட்டிய நூல் அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒன்றை நோக்க வேண்டும். ஆச்சி சொல்லும் பயணம் கணக்கில்லாத தலைமுறைகளுக்கு முந்தியது. அதைச் சொல்ல அவளுக்குத் தயக்கமே இல்லை. ஆனால் இரணியலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு, நேற்று நடந்த பயணம்? நாவல் வெளிவந்தபோது கல்குளம் தாலுகாவைப் பிரித்த எல்லைக்கு வயசு பன்னிரண்டுதான். தூரத்துப் பயணம் தொன்மமாகிவிடுகிறது. சமீபத்துப் பயணம் வாயடைத்து நிற்கிறது. வலி ஆறினால்தான் கதை வரும் போலும்.

ஆனால் இந்த நாவல் வேறொரு காரியம் செய்கிறது. அதன் உயிர் ஆச்சியின் பழங்கதையில் இல்லை, திரவியின் அக்காள் நாகம்மையின் வாழ்வில் இருக்கிறது. கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து பழி சுமத்தித் திருப்பி அனுப்பப்பட்டவள் அவள். அவளுக்காகத் திரவி ஊரை எதிர்த்து நிற்கிறான். புறப்பட்டுப் போகிறவனைப் பற்றியே பேசும் உலகத்தில், வீட்டில் விடப்பட்டவளைப் பற்றிப் பேசுகிறது ‘தலைமுறைகள்’. ராத்தின் தொப்பிக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது இது என்பேன்.

சாலைத் தெருவில் எல்லோரும் வந்தாயிற்று

ஆ. மாதவனின் வழி வேறு. அவர் 1934இல் இங்கே பிறந்தார். தகப்பனார் செங்கோட்டைக்காரர், தாயார் நாகர்கோவில். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைத் தானாகப் படித்துக்கொண்டு, சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதினார். ‘கடைத்தெருக் கதைகள்’, ‘புனலும் மணலும்’, ‘கிருஷ்ணப் பருந்து’ ஆகியவை அவர் பெயரை நிலைநாட்டின. 2015இல் ‘இலக்கியச் சுவடுகள்’ நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021 ஜனவரியில் மறைந்தார்.

அவருடைய சாலையில் சுமட்டுக்காரன், கடைப்பையன், ரவுடி, வேசி எல்லோரும் உண்டு. ‘நீ எந்த ஊரிலேருந்து வந்தே?’ என்று அங்கே யாரும் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. எல்லோரும் எப்போதோ வந்தாயிற்று. பசியும் ஆசையும்தான் இப்போது கேள்வி. தமிழன், மலையாளி என்ற வேலிகூட அவர் எழுத்தில் பெரிதாகத் தெரிவதில்லை. இதை ஒரு குறையாகச் சிலர் சொல்லக்கூடும். நான் பெருமையாகவே கருதுகிறேன். மூன்றாம் தலைமுறைக்குச் சொந்த ஊர் என்பது தாத்தாவின் ஊரல்ல, தான் கால் ஊன்றி நிற்கிற தெரு என்று துணிந்து சொன்ன எழுத்து அது. ஆனாலும் வந்த கதைக்கு அங்கே இடமில்லை என்பது இல்லைதான்.

நகுலனையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கும்பகோணத்தில் 1921இல் பிறந்து, இளம் வயசிலேயே இங்கு வந்து, 2007இல் இங்கேயே மறைந்தவர். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். ‘நினைவுப் பாதை’ என்று நாவலுக்குப் பெயர் வைத்தாரே தவிர, அந்தப் பாதை கும்பகோணத்திலிருந்து வருகிற பாதை அல்ல. மனசுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டி

கேரளத்திலேயே வேறுவிதமாகச் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. கொச்சி யூதப் பெண்மணி ரூபி டேனியல் 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார். பல வருஷம் கழித்துத் தன் நினைவுகளையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதைகளையும் சேர்த்து, 1995இல் ‘ரூபி ஆஃப் கொச்சின்’ என்ற நூலாகக் கொடுத்தார். அவர் பெரிய எழுத்தாளர் அல்ல. ஆனால் பண்டிகை, பாட்டு, சமையல் ஆகியவற்றோடு, தன் குடும்பத்தாருக்கு ஜெப ஆலயத்துக்குள்ளேயே சம உரிமை மறுக்கப்பட்டதையும் மறைக்காமல் எழுதினார். இனிப்பை மட்டும் எடுத்து வைக்கவில்லை. நாம் கற்க வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது.

நான் எழுதாமல் விட்டது

இவ்வளவு நேரம் பிறரைக் குறை சொன்னேன். இனி என் முறை.

என் தாத்தா செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். 1904இல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918இல்தான் ரயில் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் கொல்லத்தில் வள்ளம் ஏறிக் காயல் வழியாக வர வேண்டும். பாட்டி சொல்லுவாள்: “வர்க்கலைத் தொரப்புக்குள்ள வள்ளம் போச்சுன்னா கண்ணு தெரியாது பாத்துக்க. கைப்பிள்ளைய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு முருகா முருகான்னு இருந்தேன். வெளிய வெட்டம் வந்தப்பதான் உசிரு வந்துது.” மலையைக் குடைந்து வெட்டிய கால்வாயைத்தான் அவள் தொரப்பு என்றாள். ஆக, என் பேத்தியிடம் நான் சொன்னது தப்பு. கப்பல் இல்லாவிட்டாலும் ஒரு வள்ளம் இருந்திருக்கிறது. பட்டியல்தான் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மலருக்காகத் தாத்தாவைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். ‘வெறுங்கையோடு வந்தார், உழைப்பால் உயர்ந்தார், நாலு பேருக்கு உதவினார்’ என்று முடித்தேன். நாம் எல்லோரும் எழுதுவது அப்படித்தானே. பாட்டி சொன்ன இன்னொன்றை விட்டுவிட்டேன். தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். சின்ன வயசிலேயே தாலி அறுத்தவள். “ஒரு வருஷத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தாரு. கடை வைக்கணும், வீடு பாக்கணும்னு வருஷம் போச்சு. மாசாமாசம் மணியார்டர் போகும். ஆளு போகலை. அவ செத்த சேதி வந்தன்னைக்கும் கடைய அடைக்கலை உங்க தாத்தா. ராத்திரி மட்டும் சாப்பிடலை.” பாட்டி இதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நானும் எழுதும்போது பேனாவைத் தாழ்த்திக்கொண்டேன். அந்த அத்தைப் பாட்டியின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்று கேட்க ஆளில்லை.

‘தலைமுறைகள்’ நாவலை மறுபடி எடுத்துப் படித்தபோது நாகம்மை என்னை ஏன் அப்படி உலுக்கினாள் என்று இப்போது புரிகிறது. திரவி செய்ததை என் தாத்தா செய்யவில்லை. அதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தேவையில்லை. கையில் காசில்லாதவன், ஊருக்குப் புதியவன். ஆனால் அவள் விடப்பட்டதும் நாம் இங்கு வந்த செலவில் ஒரு பகுதி. லாபத்தை மட்டும் எழுதி வைக்கிற கணக்கு, கணக்காகுமா?

முடிவுரை

தொகுத்துச் சொன்னால், நம் வந்த கதை எழுதப்படாமல் இல்லை. ‘மனோன்மணீய’த்தில் அது ராஜவீட்டுக் கல்யாணமாக இருக்கிறது. ‘தலைமுறைகள்’ நாவலில் ஆச்சி வாயில் பழங்கதையாகவும், நாகம்மை உருவில் விடப்பட்டவளாகவும் இருக்கிறது. மாதவனின் சாலையில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு கேட்கும் இரைச்சலாக இருக்கிறது. நேராகச் சொல்லப்படவில்லை என்பதுதான் உண்மை. அதற்கு எழுத்தாளர்களை மட்டும் நொந்து பயனில்லை. வீடுகளில் நாம் சொல்லிக் கொடுத்தால்தானே அவர்கள் எழுதுவார்கள்?

யூதர்களுக்கு இருந்தது பட்டியல் மட்டுமல்ல. தண்ணீரில் எறியப்பட்ட தொப்பியையும் சொல்லுகிற துணிவு அவர்களில் சிலருக்கு இருந்தது. நமக்குப் பட்டியல் இனி வரப்போவதில்லை. துணிவு வரலாம். வீட்டில் எண்பது வயசைத் தாண்டியவர்கள் இருந்தால், இந்த ஓணம் விடுமுறையிலாவது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எப்படி வந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்றும் கேளுங்கள். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டால் மலையாளத்தில் எழுதட்டும், பரவாயில்லை. தமிழை மலையாளப் பள்ளியிலிருந்து வந்த ஒருவர்தான் நமக்குச் சாலைத் தெருவை எழுதிக் கொடுத்தார்.

பேத்திக்கு நான் மறுபடியும் தொலைபேசியில் பேசினேன். வள்ளத்தைப் பற்றிச் சொன்னேன், தொரப்பு இருட்டைப் பற்றிச் சொன்னேன், பெயர் தெரியாத அத்தைப் பாட்டியைப் பற்றியும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கட்டுரையை அவங்ககிட்டேருந்தே ஆரம்பிக்கட்டுமா தாத்தா?” என்று கேட்டாள்.

ஆரம்பி என்றேன்.